இடதுகை மவுஸ்

ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு லீவு.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பழையதையும் புதியதையும்
ஒரே மேசையில் அருகருகே வைத்தேன்.
பழையதன் விசிறி
பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவரும்
டெம்போபோல மேடேறிக்கொண்டிருந்தது.
புதியது சத்தமே போடவில்லை.
ஓடுகிறதா என்று
இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

“எல்லாத்தையும் அப்படியே மாத்திரும்மா.”
சொல்லிவிட்டுத் திம்மராயன் அண்ணன்
பென்னாகரத்துக்குக் கெடா விருந்துக்குப் போய்விட்டார்.
அப்படியே என்றால் எவ்வளவு என்று
அவருக்குத் தெரியாது.
காலையில் எனக்கும் தெரியாது.

நூற்றுப் பதினெட்டு ஜிபி.
மஞ்சள் நீராட்டு, காதணி, புதுமனை,
கண்ணீர் அஞ்சலி,
கண்ணீர் அஞ்சலி புதுசு,
கண்ணீர் அஞ்சலி புதுசு கடைசி,
கண்ணீர் அஞ்சலி கடைசி இதுதான்.
ஒரே மனிதர்
ஒரு ஃபோல்டரில் தாய்மாமனாக வரவேற்கிறார்,
ஒன்றில் பூட்டு சாவி சின்னத்துக்கு ஓட்டுக் கேட்கிறார்,
இன்னொன்றில்
இரண்டு தேதிகளுக்கு நடுவில் நிற்கிறார்.
மூன்றுக்கும் ஒரே போட்டோ.
பின்னால் இருந்ததை வெட்டியெடுத்தது நான்தான்.
காலர் ஓரத்தில் இன்னும் கொஞ்சம்
வேப்பிலை ஒட்டியிருக்கும்.

அறுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
டீ குடித்தேன்.
மறுபடி ஒன்றிலிருந்து.

மூன்று மணிக்கு முடிந்தது.
திறந்து பார்த்தால்
ஒரு பெயரும் பெயராக இல்லை.
அரைப்புள்ளியும் சின்ன ஆங்கில எழுத்துகளும்
வரிவரியாகக் கொட்டிக் கிடந்தன.
கல்யாணமும் அப்படித்தான், சாவும் அப்படித்தான்.
எவர் வீட்டு விசேஷம் என்று
போட்டோ பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.
ஒரு நிமிஷம் வயிறு கலங்கிவிட்டது.
அப்புறம்தான் உறைத்தது:
தமிழ் கோப்பில் இல்லை,
எழுத்துருவில் இருந்தது.
அதை நான் எடுத்துவரவில்லை.

அறுநூற்றுப் பதினான்கு எழுத்துருக்கள்.
ஒவ்வொன்றாக உள்ளே போகப் போக
ஊர்க்காரர்கள் பெயரோடு எழுந்து வந்தார்கள்.
‘ஸ்ரீ’ மட்டும் கட்டமாகவே நின்றது.

இத்தனைக்கும் நடுவே
நான் கிளிக் செய்த இடமெல்லாம்
கேட்காத பட்டியல் ஒன்று விரிந்துகொண்டேயிருந்தது.
புது மவுஸ் பழுது என்று நினைத்தேன்.
கழற்றி மாட்டினேன், ஊதினேன், திட்டினேன்.
பிறகு குனிந்து என் கையைப் பார்த்தேன்.

இடதுகை.

மாதேஷ் இடதுகைக்காரன்.
ஓசூர் கம்பெனிக்குப் போகுமுன்
இந்த நாற்காலியில் அவன்தான்.
மவுஸை இடப்பக்கம் வைத்து
பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான்.
நான் சேர்ந்த அன்று
“எதையும் கலைச்சிராதம்மா” என்றார் அண்ணன்.
கலைக்கவில்லை.
சோறு வலதுகை, பேனா வலதுகை,
டவுன்பஸ் கம்பி வலதுகை.
ஆனால் ஆறு வருஷமாக
பாலக்கோட்டின் எல்லா முகங்களையும்
இடதுகையால் வெட்டியிருக்கிறேன்.

‘தொடாதே’ என்றொரு ஃபோல்டர்
பாஸ்வேர்ட் கேட்டது.
அதைச் சாக்காக வைத்து அவனுக்குப் போன் போட்டேன்.
“ஐய, அதுல ஒன்னுமில்ல, ஒரு கேம்.”
மவுஸ் கதையைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.
“இங்க ஸ்குரூ கன்னு வலதுகைக்குத்தான் தர்றாங்க.
இப்ப நான் அதுலதான்.
சாப்பிடக்கூட அப்படியே வந்திருச்சு” என்றான்.
சிரித்தானா என்று
அந்தச் சத்தத்தில் தெரியவில்லை.

செட்டிங்கைத் திறந்தேன்.
முதன்மைப் பொத்தான்: இடது, வலது.
கோப்பென்றால் நகல் எடுக்கலாம்,
இதற்கு நகல் கிடையாது,
யாராவது உட்கார்ந்து
இன்னொரு தடவை தேர்ந்தெடுத்தாக வேண்டும்.
மவுஸை வலப்பக்கம் வைத்துப் பார்த்தேன்.
அம்பு குடித்தவன்போல் போனது.
இடப்பக்கமே வைத்தேன்.
மாற்றினேன்.

ஏழு மணிக்கு அண்ணன் வந்தார்,
சட்டையில் கறிக்குழம்பு வாசனை.
“எல்லாம் வந்துருச்சா?”

“ஸ்ரீ மட்டும் வரலண்ணா.”

“நாளைக்கே தட்டக்கல்லுக்காரங்க
ஸ்ரீ போட்டுத்தான் பத்திரிகை கேட்பாங்க” என்று
தலையைச் சொறிந்தார்.
பழையதை நான் அணைக்கவில்லை.